ஊசின்னாலே ஊரைக் கூட்டும் பிள்ளையா?
ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் அம்மா, அப்பாவுக்கு...

பீரோவில் எதையோ தேடும்போது அந்த அட்டை கையில் கிடைக்கிறது. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டை. வரிசையாக எல்லாக் கட்டத்திலும் தேதியும் கையெழுத்தும் இருக்கிறது. ‘5 - 6 வயது: டி.பி.டி. இரண்டாவது பூஸ்டர்’ என்ற கட்டம் மட்டும் காலி. பிள்ளைக்கு ஐந்து முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது.

பார்த்ததுமே வயிற்றைப் பிசைகிறதா? பிசையத்தான் செய்யும். ஒன்றரை வயதில் போன தடவை நடந்தது மறக்கக்கூடியதா என்ன! வராண்டாவில் ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. சுற்றிலும் குழந்தைகளின் அழுகை. உள்ளே போனதும் ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் கையைப் பிடிக்க, இன்னொருவர் தலையை அமுக்க... உங்கள் பிள்ளை போட்ட அலறலில் தெருவே திரும்பிப் பார்த்தது. போதாததற்கு, “என்னம்மா பிள்ளை வளர்த்திருக்கே?” என்று வரிசையில் நின்ற ஒரு பெண்மணியின் கமென்ட் வேறு. அதற்குப் பிறகு மூன்று மாதம் பிள்ளை அந்தத் தெரு வழியாகவே வர மறுத்தது. வெள்ளைச் சட்டை போட்டு வந்த மாமாவைக் கண்டால்கூடக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டது.

‘சரி, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அட்டையை மறுபடி பீரோவிலேயே வைத்துவிடுகிறீர்கள்.

வைக்காதீங்க! எடுத்து மேஜைமேல் வையுங்கள். போன தடவை நடந்தது பிள்ளையின் தப்பும் இல்லை. உங்கள் வளர்ப்பின் தப்பும் இல்லை. ஏற்பாடு சரியில்லை, அவ்வளவுதான். ஏற்பாட்டை மாற்றிவிடலாம். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பழைய சந்தேகம்

“ஊசி போட்டதுக்கப்புறம்தானே பேச்சு நின்னுபோச்சு...” என்று உங்கள் வீட்டிலும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். மனசு ஓரத்தில் உங்களுக்கே அந்த முள் இருக்கலாம். அதை எடுத்துப் போட்டுவிட்டு மேலே போவதுதான் நல்லது.

இந்தப் பயம் பெரிதாகக் கிளம்பியது 1998 பிப்ரவரியில். இங்கிலாந்தின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கட்டுரை எழுதினார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தை அது பரப்பியது. பார்க்கப்பட்ட குழந்தைகள் எத்தனை தெரியுமா? வெறும் 12 பேர்! பிறகு பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் தோண்டித் துருவியதில் உள்ளே இருந்த தில்லுமுல்லு வெளியே வந்தது. 2010 பிப்ரவரியில் அந்தக் கட்டுரையை ‘லான்செட்’ வாபஸ் வாங்கியது. அதே ஆண்டு மே மாதம் வேக்ஃபீல்டின் பெயரை இங்கிலாந்தின் டாக்டர்கள் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

அந்த 12 பேருக்கு எதிரே டென்மார்க் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2002-ல் வெளியான ஆய்வில் 5,37,303 குழந்தைகள். 2019-ல் வெளியானதில் 6,57,461 குழந்தைகள். எம்.எம்.ஆர். போட்டவர்களையும் போடாதவர்களையும் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். ஊசி போட்டதால் ஆட்டிசம் கூடவில்லை என்பதுதான் இரண்டிலும் கிடைத்த பதில்.

பின்னே ஏன் நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது? காலம் ஒத்துப்போவதால். நம் அரசாங்க அட்டவணையில் 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை - ரூபெல்லா இரண்டாவது ஊசியும் டி.பி.டி. முதல் பூஸ்டரும் வருகின்றன. ‘கூப்பிட்டால் திரும்பவில்லையே, கண்ணைப் பார்க்கவில்லையே, சொன்ன வார்த்தையையும் விட்டுவிட்டதே’ என்று பெற்றவர்கள் கவனிப்பதும் பெரும்பாலும் அதே வயதில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் ஒன்று இன்னொன்றால் வந்தது போலத் தோன்றுகிறது. ஆட்டிசத்தின் வேர் பெரும்பாலும் பரம்பரை அணுக்களில், மூளை உருவாகும் காலத்திலேயே இருக்கிறது. ஆகவே, ‘நான்தானே கூட்டிக்கிட்டுப் போய் போட்டேன்’ என்று ராத்திரியில் தலையணையை நனைக்கும் அம்மாக்களே... நீங்கள் பிள்ளைக்கு நல்லதைத்தான் செய்தீர்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். தட்டம்மை வந்த ஒருவர் பக்கத்தில் தடுப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் வரை அது தொற்றிக்கொள்ளும். தொண்டை அடைப்பானோ கக்குவான் இருமலோ வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உங்கள் பிள்ளையின் நிலைமை என்ன? ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், தெரியாத முகங்கள், தெரியாத படுக்கை. ஒரு ஊசிக்குப் பயந்து பத்து ஊசியில் போய் மாட்டிக்கொள்ளலாமா?

அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஊசி எந்தக் குழந்தைக்குத்தான் பிடிக்கும்? ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஊசி குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வேதனை தொடங்கிவிடுகிறது. நமக்குக் காதில் விழாத ட்யூப் லைட்டின் ‘ர்ர்ர்’ சத்தம் அதற்கு மண்டைக்குள் ஒலிக்கலாம். ஸ்பிரிட் வாடை குமட்டலாம். ஈரப் பஞ்சின் ஜில்லிப்பு நெருப்பாகப் படலாம். பக்கத்தில் அழும் குழந்தையின் குரல் தாங்கமுடியாமல் போகலாம். இத்தனையும் சேர்ந்து குடம் விளிம்பு வரை நிரம்பி நிற்கும்போதுதான் நாம் ஊசியை நீட்டுகிறோம். அந்த ஒரு சொட்டில் குடம் பொங்கி வழிந்துவிடுகிறது.

அடுத்தது, ‘என்ன நடக்கப் போகுது, எப்ப முடியும்’ என்று தெரியாத தவிப்பு. தினமும் ஒரே தட்டு, ஒரே பாதை என்று இருக்கும் பிள்ளையைத் திடீரென்று ஆட்டோவில் ஏற்றித் தெரியாத இடத்தில் இறக்கினால்?

மூன்றாவது, நாம் பேசும் பேச்சு! “அடம் பண்ணினே, டாக்டர் மாமாகிட்டே சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்!” இந்த வசனம் ஒலிக்காத தமிழ் வீடு உண்டா? மற்றப் பிள்ளைகள் இதைச் சும்மா மிரட்டல் என்று சீக்கிரமே புரிந்துகொள்ளும். ஆட்டிசம் உள்ள பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். அதன் கணக்கில் ஊசி என்பது தண்டனை. ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்று கேட்கத் தெரியாமல் கத்துகிறது. பாட்டி, அத்தை எல்லோரிடமும் சொல்லி இன்றைக்கே இந்த வசனத்துக்குத் தடை போட்டுவிடுங்கள்.

“எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்பதும் வேண்டாம். பிள்ளை எறும்பைத் தேடும். அப்புறம் எறும்புக்கும் சேர்த்துப் பயப்படும்! “வலிக்கவே வலிக்காது” என்பது அதைவிட மோசம். ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. “கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ளே முடிஞ்சிடும். அம்மா கூடவே இருப்பேன்.” இவ்வளவு போதும். மூன்றும் உண்மை.

ஒன்றை மறக்காதீர்கள். சில பிள்ளைகள் ஊசி போடும்போது அசையாமல், முகம்கூடச் சுளிக்காமல் இருப்பார்கள். ‘இவனுக்கு வலியே தெரியாது’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வலி உள்ளே இருக்கும். வெளியே காட்டத் தெரியாது. ராத்திரி தூங்காமல் புரண்டு அதைக் காட்டலாம்.

மூன்று வாரம் முன்னால்...

டாக்டரிடம் முதலில் நீங்கள் மட்டும் தனியாகப் போங்கள், அல்லது போனில் பேசுங்கள். “என் பையனுக்கு ஆட்டிசம் இருக்கு. சத்தமும் ஸ்பிரிட் வாடையும் ஆகாது. பேச்சு அதிகம் இல்லை, படம் காட்டினால் புரியும்” என்று நாலே வரியில் சொல்லிவிடுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்:

* கூட்டம் இல்லாத நேரம் எது? காலையில் முதல் ஆளாக வரலாமா?
* டோக்கன் வாங்கிவிட்டு வெளியே ஆட்டோவிலோ மரத்தடியிலோ காத்திருக்கலாமா? முறை வந்ததும் போன் செய்வீர்களா?
* எத்தனை ஊசி? இரண்டு என்றால் ஒரே நாளிலா, தனித்தனியாகவா?
* மரத்துப் போகச் செய்யும் க்ரீம் தடவலாமா?
* ஊசியை முன்கூட்டியே மருந்து ஏற்றித் தயாராக, கண்ணில் படாமல் வைத்திருக்க முடியுமா?

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று காலையில் கைக்குழந்தைகள் கூட்டம் இருக்கும். கிராம சுகாதார செவிலியரிடம் முன்னாடியே சொல்லி வைத்தால், கூட்டம் கலைந்த பிறகு வரச் சொல்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் சலுகை கேட்கவில்லை. பிள்ளைக்கு ஊசி போட வழி கேட்கிறீர்கள்.

இரண்டு ஊசியைத் தள்ளித் தள்ளிப் போடுவது கருணை என்று தோன்றும். எல்லாப் பிள்ளைக்கும் அது பொருந்தாது. ஊசியைவிடப் பயணமும் காத்திருப்பும்தான் பிள்ளைக்குப் பெரிய வேதனை என்றால், ஒரே நாளில் முடித்துவிடுவதே மேல். நம் பிள்ளை எந்த ரகம் என்று உங்களுக்குத்தான் தெரியும். டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

பத்து நாள் முன்னால்... ஒரு கதைப் புத்தகம்!

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆசிரியை கேரல் கிரே, 1990-களின் தொடக்கத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு முறையைக் கொண்டுவந்தார். வரப்போகும் சம்பவத்தைச் சின்னச் சின்ன வாக்கியத்தில், பிள்ளையே சொல்வது போல எழுதிக் காட்டுவது. இதற்குப் பணம் செலவில்லை. நாலு பக்கம் வெள்ளைத்தாள், செல்போனில் எடுத்த படங்கள் போதும். க்ளினிக் வாசல், நாற்காலி, டாக்டர் முகம், எல்லாவற்றையும் படம் எடுத்து ஒட்டி, கீழே இப்படி எழுதுங்கள்:

‘புதன்கிழமை நான் அம்மாவோடு ஆட்டோவில் டாக்டரிடம் போவேன். இதுதான் அந்த வாசல். நான் அம்மா மடியில் உட்காருவேன். சிஸ்டர் என் கையைப் பஞ்சால் துடைப்பார்கள். ஜில்லென்று இருக்கும். அப்புறம் ஊசி. கொஞ்சம் வலிக்கும். நான் அழலாம். அம்மா பத்து எண்ணுவாள். பத்து வந்தால் முடிந்துவிடும். அந்த மருந்து எனக்கு நோய் வராமல் காக்கும். அப்புறம் நாங்கள் இளநீர் குடிப்போம். வீட்டுக்கு வருவோம்.’

தினமும் ஒரே நேரத்தில், அவசரமில்லாமல் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். ‘நான் அழலாம்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ‘சமத்துப் பிள்ளை அழமாட்டான்’ என்று எழுதினால் பிள்ளைக்கு இன்னொரு பாரம் சேரும். சில பிள்ளைகள் பத்து நாளும் இதையே நினைத்துக் கலங்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும். ஆனால் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ‘பார்க்குக்குப் போகலாம்’ என்று சொல்லி ஆஸ்பத்திரியில் இறக்கினால், அப்புறம் பார்க்குக்கும் வராது.

வீட்டிலேயே ஒத்திகை

பொம்மை டாக்டர் செட் ஒன்று வாங்குங்கள். முதலில் பொம்மைக்கு ஊசி. அடுத்து தாத்தாவுக்கு. தாத்தா “ஆ!” என்று சொல்லிவிட்டு, பத்து எண்ணியதும் “முடிஞ்சுபோச்சு!” என்று கை தட்ட வேண்டும். பிள்ளை ரசித்தால் அதற்கும். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு படி மட்டும் ஏறுங்கள்:

1. சட்டைக் கையைச் சுருட்டிப் பத்து எண்ணுவது.
2. உலர்ந்த பஞ்சால் தோள்பட்டையைத் தொடுவது.
3. ஈரப் பஞ்சால் துடைப்பது.
4. துளி ஸ்பிரிட் நனைத்த பஞ்சைத் தூரத்தில் வைத்து வாடையைப் பழக்குவது. பிறகு அதனால் துடைப்பது.
5. ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையால் மெல்ல அழுத்துவது.
6. ஒருநாள் க்ளினிக் வாசல் வரை போய்த் திரும்புவது. மறுநாள் உள்ளே போய், டாக்டருக்கு டாட்டா காட்டிவிட்டு வருவது.

ஒரு படியில் பிள்ளை மிரண்டால் முந்தைய படிக்கே இறங்கிவிடுங்கள். அவசரம் வேண்டாம். ஊசி இல்லாமல் திரும்பி வரும் அந்த ஒன்றிரண்டு நாள்கள்தான், ‘இந்த இடம் எப்பவும் வலிக்கிற இடம் இல்லை’ என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும்.

மரத்துப் போகும் க்ரீம்

லிக்னோகைன், பிரைலோகைன் இரண்டும் கலந்த க்ரீம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. டாக்டரைக் கேட்காமல் தடவக் கூடாது. எவ்வளவு என்பது வயதையும் எடையையும் பொறுத்தது. ஊசி போடும் இடத்தை டாக்டரே காட்டட்டும். அங்கே தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அவசரத்தில் பத்து நிமிஷம் முன்னால் தடவிப் பலனில்லை. புண், சொறி உள்ள இடத்தில் தடவக் கூடாது.

நம் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். பிசுபிசுப்பு ஆகாத பிள்ளை பிய்த்து எறியும். எதையும் வாயில் வைக்கும் பிள்ளை நக்கிவிடும். க்ரீம் வாய்க்குள் போகக் கூடாது. முழுக்கைச் சட்டை போட்டு விடுங்கள், கண்பார்வையிலேயே வைத்திருங்கள். முந்தின வாரமே சாதாரண க்ரீமைத் தடவி, மேலே உறை ஒட்டிப் பழக்கிப் பாருங்கள். உறையைப் பிரிக்கும் வேதனை ஊசியைவிடப் பெரிதாக இருந்தால், இந்த யோசனையையே விட்டுவிடலாம். தப்பே இல்லை.

அந்த நாள்

வயிறு காய்ந்து போக வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதைக் கொடுங்கள். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் அன்றைக்கும் வேளை தவறக் கூடாது. வலிப்பு இருப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சுலபமாகச் சுருட்ட முடிகிற பழைய, பிடித்த சட்டையைப் போடுங்கள். பையில் இவை இருக்கட்டும்: காதை மூடும் ஹெட்போன், பிடித்த பாட்டோ படமோ உள்ள செல்போன், கையில் பிசையும் பொம்மை, சோப்புக் குமிழி டப்பா அல்லது காகிதக் காற்றாடி, கதைப் புத்தகம், தடுப்பூசி அட்டை. கூடவே ஒரு சின்ன அட்டை. இடப்பக்கம் ஊசிப் படம், வலப்பக்கம் இளநீர்ப் படம். ‘முதலில் இது, அப்புறம் அது.’

இதோ, உள்ளே போயாச்சு.

உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைக்க 2015-ல் சொன்ன யோசனைகள் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துபவை; நம் பிள்ளைகளுக்கு ரொம்பவே பொருந்தும். பெற்றவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் தாய்ப்பால் குடித்துக்கொண்டே போட்டுக்கொள்ளலாம். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கட்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் பயம் கூடும். ஊசியைக் குத்திய பிறகு ரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு ஊசி என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும்.

எப்படிப் பிடிப்பது? பிள்ளையை உங்கள் மடியில் முகம் பார்த்து உட்கார வையுங்கள். மார்போடு மார்பு, அதன் கால்கள் இரண்டும் உங்கள் இடுப்பைச் சுற்றி. ஒரு கை உங்கள் முதுகுப்பக்கம் போகட்டும். ஊசி போடும் கையை உங்கள் உள்ளங்கையால் நிதானமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அசையாமல் இருக்க வேண்டியது ஒரு சில விநாடிதான். மற்றவர்கள் யாரும் தொட வேண்டாம். “நாலு பேரு பிடிங்க” என்று யாராவது கிளம்பினால், “நான் ஒருத்தியே பிடிச்சுக்கறேன் சிஸ்டர்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். அமுக்கிப் பிடித்தால் இன்றைய ஊசி முடிந்துவிடும். அடுத்த ஊசிக்குப் பிள்ளை வாசலே தாண்டாது.

தொட்டாலே சிலிர்க்கும் பிள்ளை இறுக்கி அணைத்தால் மட்டும் எப்படி அடங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? டெம்பிள் கிராண்டின் என்று அமெரிக்காவில் ஒரு கால்நடை விஞ்ஞானி. அவருக்கே ஆட்டிசம் உண்டு. சின்ன வயதில் யாராவது கட்டிப் பிடித்தால் தாங்கமாட்டார். டீன் ஏஜில் அரிசோனாவில் உள்ள தன் உறவினரின் பண்ணைக்குப் போயிருந்தபோது, ஊசி போடுவதற்காக மாடுகளை இருபுறமும் பலகையால் அழுத்தி நிறுத்துவதையும், சில மாடுகள் அதில் அமைதியாவதையும் பார்த்தார். தனக்கும் அதே போல ஒரு ‘அணைப்பு இயந்திரம்’ செய்துகொண்டார். லேசான தொடுதல் கூசுகிறது. அழுத்தமான, சீரான அணைப்பு அமைதி தருகிறது. இன்னொரு விஷயம் கவனியுங்கள். அந்த இயந்திரத்தின் பிடி அவர் கையிலேயே இருந்தது. எப்போது இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார்.

உங்கள் பிள்ளைக்கும் ஒரு பிடியைக் கொடுங்கள். “ஊசி போட்டுக்கலாமா?” என்று கேட்காதீர்கள், “வேண்டாம்” என்றால் என்ன செய்வீர்கள்? “இந்தக் கையா, அந்தக் கையா?” “பாட்டா, குமிழியா?” என்று கேளுங்கள். பேசாத பிள்ளை விரலால் காட்டட்டும். குமிழி ஊதும்போது மூச்சு நீளமாகப் போகும்; உடம்பு தானாகத் தளரும். நீங்கள் சத்தமாக, ஒரே வேகத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். பத்து வந்ததும் ஊசி வெளியே வந்திருக்க வேண்டும் என்று சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். “முடிஞ்சுபோச்சு!” என்று சொல்லிக் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டுங்கள். ‘முடிந்தது’ என்று சொல்ல ஆள் இருந்தால்தான் பிள்ளைக்கு முடியும்.

ஒட்டுப் பிளாஸ்திரி பிடிக்காத பிள்ளைக்கு அது வேண்டாம்; பஞ்சை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

அப்புறம் அந்த இளநீர்... உடனே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். “வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்” என்றால் ஒப்பந்தம் முறிந்தது! அழுதாலும், கத்தினாலும், டாக்டர் மேஜையைத் தட்டிவிட்டிருந்தாலும் கொடுக்க வேண்டும். அது சமத்தாக இருந்ததற்கான பரிசு இல்லை. நீங்கள் கொடுத்த வாக்கு.

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அவசியம் இருங்கள். ஆனால் அந்த அறைக்குள்தான் என்றில்லை. கூப்பிடு தூரத்தில், வராண்டா மூலையிலோ மரத்தடியிலோ உட்காரலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஜுரம், போட்ட இடத்தில் வீக்கம், வலி இதெல்லாம் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். பேசாத பிள்ளை “கை வலிக்குது” என்று சொல்லாது. அந்தக் கையைத் தூக்காமல் இருக்கும், அடித்துக்கொள்ளும், சாப்பாட்டைத் தள்ளும். கவனித்துக்கொண்டிருங்கள். ஜுரத்துக்கு டாக்டர் சொன்ன அளவு பாரசிட்டமால் கொடுங்கள். சிரப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீரியத்தில் வருகின்றன. பழைய பாட்டில் அளவை நம்பிப் புதிய பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள். ஊசிக்கு முன்பே ‘முன்ஜாக்கிரதையாக’ கொடுக்கும் வழக்கம் வேண்டாம். மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் தடிப்பு, வலிப்பு, அடங்காத ஜுரம், மணிக்கணக்கில் நிற்காத அழுகை என்றால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

அன்று பள்ளிக்கூடம், தெரபி வகுப்பு எதுவும் வேண்டாம். ஊஞ்சலோ, இருட்டு அறையோ, பிடித்த ஒரே கார்ட்டூன் பத்துத் தடவையோ... ஆடி அடங்கட்டும்.

ராத்திரி பிள்ளை தூங்கியதும் ஒரு நோட்டில் ஐந்து வரி எழுதி வையுங்கள். எது உதவியது, எது கெடுத்தது? க்ரீம் பலித்ததா? எந்த சிஸ்டரின் குரல் பிடித்தது? அடுத்த ஊசிக்கு ஐந்து வருஷம் ஆகலாம். அப்போது இந்த ஐந்து வரிதான் கைகொடுக்கும்.

இதெல்லாம் செய்தும் நடக்கவில்லை என்றால்? திரும்பி வந்துவிடுங்கள். மூச்சை விட்டு, இரண்டு வாரம் கழித்துப் பழைய படியிலிருந்து தொடங்குங்கள். தூங்க வைக்கும் சிரப்பை நீங்களாகக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும் விஷப்பரீட்சை மட்டும் கூடவே கூடாது. மயக்க மருந்து அவசியம் என்று பட்டால், அதைப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும்.

அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகள்

நாள் தள்ளிப்போய்விட்டதே, முதலிலிருந்து போடணுமா?

வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் டி.பி.டி. ஊசி ஏழு வயது வரைதான். அதற்கு மேல் போனால் பெரிய பிள்ளைகளுக்கான வேறு ஊசிதான் போடுவார்கள். ஆகவே தாமதிக்க வேண்டாம்.

ஐந்து வயதோடு முடிந்துவிடுமா?

இல்லை. அரசாங்க அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னி, தொண்டை அடைப்பானுக்கு ஊசி உண்டு. இது தவிர எச்.பி.வி. போன்றவற்றைக் குழந்தை டாக்டர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தி ஊசி போடும்போது உங்கள் பிள்ளையையும் நிறுத்திவிடாமல், ‘முன்கூட்டி எங்களுக்குச் சொல்லுங்க’ என்று டீச்சரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஊசியின் எண்ணிக்கையைக் குறைக்க வழி உண்டா?

கூட்டு மருந்துகள் அதற்காகவே வந்தவை. ஐந்து நோய்க்கு ஒரே குத்தாகப் போடும் ‘பென்டாவேலன்ட்’ ஊசியை அரசாங்கத் திட்டத்தில் இந்தியாவிலேயே முதலில் போட்டது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். உங்கள் அடுத்த பிள்ளைக்கு அது உதவும். பெரிய பிள்ளைக்கு எவற்றைச் சேர்த்துப் போடலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

அட்டை இப்போது மேஜைமேல்தானே இருக்கிறது? காலியாக இருக்கும் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி எழுதுங்கள். இன்றையிலிருந்து மூன்று வாரம் தள்ளி ஒரு புதன்கிழமை. நாளைக்குக் காலையில் க்ளினிக் வாசலைப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தாத்தாவிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள், அடுத்த வாரம் அவருக்குத்தான் முதல் ஊசி என்று!